வெள்ளைக் கம்பைத் தாண்டினா அது உம்ம பந்து இல்ல வே!

இன்னைக்கும் நாத்தாங்காலுக்குள்ள ரெண்டு வெள்ளை கோல்ஃப் பந்து. பந்து கிடந்தாக்கூட போவுதுன்னு விட்டுரலாம் வே. அதைத் தேடி வந்தவன் ஷூக் காலோட இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரை நடந்திருக்கான். பதினெட்டு நாள் நாத்து, அப்படியே சேத்துல அமுங்கிக் கிடக்கு.

தென்காசிப் பக்கம் கடனாநதிப் பாசனம், மலையடிவாரம், ரெண்டரை ஏக்கர். எனக்கு மேக்க இருந்த மாந்தோப்பை வாங்கி ரிசார்ட்டு கட்டினாங்க. கட்டட்டும். முதலாளி வெளிநாட்டுல எங்கயோ மலைச்சரிவு, திராட்சைத் தோட்டம், நடுவுல சின்னதா கோல்ஃப் மைதானம்னு பாத்துட்டு வந்தாராம். வாசல்ல நாலு திராட்சைக் கொடிய ஏத்திவிட்டு, சரிவுல புல்லை வளத்து ஆறு குழி தோண்டியாச்சு. 18 குழி வச்சு முறையா ஆட நூறு ஏக்கருக்கு மேல வேணும். இவுகளுக்கு இருக்கது ஏழு. மிச்சத்துக்கு என் வயல்னு நினைச்சுட்டாக போல. (ராத்திரியானா அங்கன கண்ணாடி டம்ளர்ல வைன். நம்ம பனையில கள்ளு இறக்க 1987ல இருந்து தடை, பதனிக் கலயத்துல சுண்ணாம்பு தடவலைன்னா புளிச்சுக் கள்ளாயிரும்னு கேசு. அது தனி வயித்தெரிச்சல்.)

ஆனி பிறந்தா செங்கோட்டைக் கணவாய்க்குள்ள புகுந்து வார காத்து என்ன போடு போடும்னு நம்மாளுகளுக்குத் தெரியும். மேக்க நின்னு கெழக்க பாத்து அடிச்சா பந்து எங்க வரும்? 46 கிராம் கனம், கல்லு மாதிரி. போன வாரம் களை பறிச்சுக்கிட்டிருந்த எங்க சித்திக்கு ஒரு முழம் தள்ளி பொத்துனு விழுந்துச்சு. தலையில விழுந்திருந்தா?

மேனேஜர் தம்பிட்ட போயி, ஒரு வலை கட்டுங்கய்யான்னேன். "வலை கட்டினா வயல் வியூ மறைஞ்சிரும் அண்ணாச்சி, கெஸ்ட்டு அதைப் பாக்கத்தான் ரூம் போடுதாங்க"ங்கான். ஏலே, அந்த வியூவைத்தானல உன் கெஸ்ட்டு சவட்டிப் போட்டிருக்கான்!

தங்கச்சி மவன் போன்ல விதியைப் பாத்துச் சொன்னான். எல்லையில வெள்ளைக் கம்பு நட்டிருக்கும், அதைத் தாண்டின பந்து ஆட்டத்துலயே கிடையாது. அபராதமா கணக்குல ஒரு ஷாட்டைக் கூடச் சேத்துக்கிட்டு, முதல்ல அடிச்ச இடத்துல நின்னே மறுபடியும் அடிக்கணும். காணாமப் போன பந்தைத் தேடவும் மூணே நிமிசம். முன்ன அஞ்சு நிமிசமா இருந்ததை, நம்ம தென்காசி தனி மாவட்டமான அதே 2019லதான் குறைச்சிருக்காங்க. பெறவு எதுக்குடே அரை மணி நேரம் என் வயக்காட்டை உழக்குதீங்க? குழி அகலம் 108 மில்லிமீட்டர். அதுல பந்தைப் போடத் தெரியல, சரி. வரப்பு மேல நடக்கவுமா தெரியாது?

வீட்டுல கடவப்பெட்டி நிறைய பந்து சேந்துட்டு. நேத்து ஒருத்தன் வந்து, "அய்யா, என் பால் இங்க விழுந்துச்சா?"ன்னு கேக்கான். மூணு நிமிசம் முடிஞ்சிட்டு, போயிட்டு வாங்கன்னேன். முழிக்கான். பெறவு மெதுவா, "அந்தப் பால் ரொம்ப வெலைங்கய்யா"ங்கான். ஒரு முடி நாத்து என்ன வெலைன்னு தெரியுமான்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லாம, போனைப் பாத்துக்கிட்டே திரும்பிப் போறான். அதுவும் நாத்தாங்கால் வழியாவே!