ஆபரேஷன் முடிந்த அன்றே பலன் கிடைத்துவிடாது

ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனைப் பற்றிப் பேசும்போது, 'இரண்டு நாள் ஓய்வு, அப்புறம் கவலையில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த 'கவலையில்லை'தான் சிக்கல். விந்தணுக்களைக் கொண்டுபோகும் விந்துக்குழாயை வெட்டி மூடினாலும், வெட்டிய இடத்துக்கு அப்பால் ஏற்கெனவே தங்கியிருக்கும் விந்தணுக்கள் எங்கும் போய்விடாது. அவை முழுவதும் வெளியேற ஏறக்குறைய 3 மாதமும் 20 முறை விந்து வெளியேற்றமும் ஆகலாம். விந்துப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஆணுறை கட்டாயம். பலர் டிமிக்கி கொடுப்பது இந்த டெஸ்ட்டுக்குத்தான்.

ஆபரேஷன் பெரிய விஷயமே இல்லை. மரத்துப்போக ஊசி, விதைப்பைத் தோலில் சின்னத் துளை, அரை மணிக்குள் முடிந்துவிடும். குழாயைப் பிடித்து இழுக்கும்போது அடிவயிற்றில் சுண்டி இழுப்பதுபோல இருக்கும், பயப்பட வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

முதல் 48 மணி நேரம் இறுக்கமான ஜட்டி, துணியில் சுற்றிய ஐஸ் (ஒரு தடவைக்கு 20 நிமிடம், நேரடியாகத் தோலில் வைக்கக்கூடாது). ஒரு வாரம் பளு தூக்குவது, சைக்கிள், உடலுறவு மூன்றும் வேண்டாம். வலி போய்விட்டதே என்று மூன்றாம் நாள் மூட்டை தூக்கினால் உள்ளே ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். தோல் கன்றி நீலமாவது சகஜம். வீக்கம் மளமளவென்று ஏறினாலோ, காய்ச்சல், சீழ் வந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

ஆண்மை குறையாது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் நேராக ரத்தத்தில் கலக்கிறது, இந்தக் குழாய் வழியாக அல்ல.