செஸ் இன்னும் தீர்க்கப்படவில்லை

ஆரம்ப நிலையிலேயே ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சின் (செஸ் ஆடும் கணினி நிரல்) +0.3 காட்டுகிறது, ஆகவே சரியாக ஆடினால் வெள்ளைக்கே வெற்றி என்று கணினி நிரூபித்துவிட்டது என்கிறார்கள். வெள்ளைக்குச் சற்றே சாதகம் என்பதில் சண்டையில்லை. ஆனால் அந்த எண் மதிப்பீடு மட்டுமே, நிரூபணம் அல்ல. ராஜாக்களையும் சேர்த்து 7 காய்கள் வரையுள்ள நிலைகளுக்குத்தான், இருபுறமும் சரியாக ஆடினால் முடிவு என்ன என்ற முழு விடை கணக்கிடப்பட்டிருக்கிறது. (2007இல் தீர்க்கப்பட்டது செக்கர்ஸ் என்ற வேறொரு பலகை விளையாட்டு. அதுவும் டிராதான்.)

நீங்களே பார்க்கலாம். லிச்செஸ் என்ற செஸ் தளத்தின் அனாலிசிஸ் பலகையில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். ஆழம் கூடக் கூட எண் ஏறி இறங்கும். பிறகு இரண்டு ராஜா, ஒரு ராணி, ஓரிரு சிப்பாய் மட்டும் வைத்து ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரரைத் திறங்கள். முன்பே கணக்கிட்ட விடை அங்கே இருப்பதால் தசமப்புள்ளிக்கு வேலையில்லை. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் வெற்றியா, டிராவா, தோல்வியா என்று நேராகவே சொல்லிவிடும்.