துணைத் தலைவரின் கையெழுத்து

ஊராட்சித் தலைவர் பதவியைப் பட்டியல் சாதிக்கு ஒதுக்கிவிட்டால் அதிகாரமும் கூடவே போய்விடும் என்று நம்புகிறவர்கள், ஊராட்சியின் செக் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

பழைய கதை எல்லோருக்கும் தெரியும். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தனி ஊராட்சியாக அறிவித்ததற்காகவே 1996 முதல் பத்து வருடம் அங்கே முறையான தேர்தல் நடக்கவில்லை. 2006 அக்டோபரில்தான் நடந்தது. அதே மதுரை மாவட்டத்தில், தனி ஊராட்சியான மேலவளவில் ஜெயித்துத் தலைவரான முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள்.

இன்று மனு போடவிடாமல் மறிப்பது குறைந்திருக்கிறது. ஜெயித்து வந்தவரை வேலை செய்யவிடாமல் நிறுத்தக் கையெழுத்தே போதும்.

ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், இடஒதுக்கீடும் உண்டு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. எந்தச் சாதிக்கு வார்டுகள் அதிகமோ அவர்கள் ஆள் அங்கே உட்காருவார். அவர் "பாக்கலாம்" என்று இழுத்தால் மோட்டார் ரிப்பேர் பில் நிற்கும், தெருவிளக்குக்குப் பல்பு வராது. தண்ணீர் வராத தெருக்காரர்கள் துணைத் தலைவரிடம் போய்ச் சண்டை போடுவதில்லை. குடத்தோடு தலைவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

எதிர்த்துக் கேட்க வேண்டியதுதானே என்று டவுனில் இருப்பவர்கள் எளிதாகச் சொல்கிறார்கள். அந்தத் தலைவரின் வீட்டார் யாருடைய வயலில் கூலிக்குப் போகிறார்கள்? ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கைமாற்று கொடுத்தது யார்? ஆடு மாடு மேய யாருடைய வரப்பைத் தாண்ட வேண்டும்? ஊராட்சி அலுவலகத்தில் பேசிய பேச்சுக்கு மறுநாள் வயலில் வேலை இல்லை என்று பதில் வரும். நிலம் ஒரு பக்கமும் பதவி இன்னொரு பக்கமும் இருக்கிற ஊரில், பதவிதான் வாயை மூடிக்கொள்ளும்.

கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவர் தரையிலும் மற்றவர்கள் நாற்காலியிலும் இருந்த புகைப்படம் 2020-ல் வெளியானது. அதன் பிறகுதான் வழக்குப் பாய்ந்தது. படம் எடுக்க ஆள் இல்லாத ஊர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. பெண்களுக்கு 50 சதவீதம் ஒதுக்கி 2016-ல் சட்டம் திருத்தினோம். நல்லது. ஆனால் பல ஊர்களில் கூட்டத்துக்கு வருவது அவர் வீட்டுக்காரர்தான்.

27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-உடன் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிகள் அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போயின. தலைவர் நாற்காலி காலியாக இருக்கும் இந்த இடைவெளிதான் விதியை மாற்றச் சரியான நேரம். தனி ஊராட்சிகளில் துணைத் தலைவர் பதவிக்கும் ஒதுக்கீடு வேண்டும், அல்லது இரண்டாவது கையெழுத்து அரசு அலுவலர் ஒருவருக்குப் போக வேண்டும். காரணம் எழுதாமல் கையெழுத்தை நிறுத்தி வைத்தால், குறிப்பிட்ட நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரே பணத்தை விடுவிக்கவும் வழி வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாக் கட்சிக்காரர்களிடமும் இந்த மூன்றையும் கேளுங்கள்.