நாலு சொல்லுக்கும் ஒரே ‘மறுத்தல்’

ஆங்கிலத்தில் ரிஃபியூஸ் (refuse), டினை (deny), ரிஜெக்ட் (reject), டிக்லைன் (decline). நாலுக்கும் நேரே ‘மறுத்தல்’ என்று எழுதிப்போடுகிற இந்தப் பழக்கம் எப்போதுதான் தீரும்? திருகோணமலையில் எந்த ரியூசன் கொப்பியைத் திறந்தாலும் இதே கதை. ஓஎல் சோதனை வருகிறது, பாடமாக்குங்கள், அவ்வளவுதான்.

சரி, பாடமாக்கிய பிள்ளை நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்கிறது. அறை கேட்ட வெள்ளைக்காரருக்கு, ‘உங்கள் வேண்டுகோளை ரிஜெக்ட் செய்கிறோம்’ என்று பதில் எழுதுகிறது. டிக்லைன் என்றால் மரியாதையாக மறுப்பது. ரிஜெக்ட் என்றால் தகாது என்று தள்ளிவிடுவது. வாசிக்கிற மனுசனுக்குக் கோபம் வராதா? ஏச்சு விழுவது யாருக்கு? சொல்லிக்கொடுத்தவருக்கா?

டினை படுகிற பாடு இன்னும் மோசம். ‘நீதானே எடுத்தாய்?’ என்றால் ‘நான் எடுக்கவே இல்லை’ என்பது டினை. ‘இதைத் தூக்கு’ என்றால் ‘மாட்டேன்’ என்று நிற்பது ரிஃபியூஸ். இரண்டும் எப்படி ஐயா ஒன்றாகும்? ரிஃபியூஸுக்குப் பின்னால் ‘டு’ போட்டு வினை வரும். டினைக்குப் பின்னால் ‘இங்’ சேர்ந்த வினை வரும். உரிமையை, அனுமதியை ஒருவருக்குக் கொடுக்காமல் விடுவதும் டினைதான். அப்புறம், ரிஃபியூஸின் முதல் அசையை அழுத்திச் சொன்னால் அதற்கு அர்த்தமே ‘குப்பை’! இதையாவது யாராவது சொன்னார்களா?

ஐந்து நிமிட வேலை இது. அதற்கும் நேரமில்லை என்றால் மாதாமாதம் காசு எதற்கு வாங்குகிறீர்கள்?