மாமாவின் லென்ஸ்களுக்கு எந்த பாடி?

பழைய லென்ஸ்களை எந்த டிஜிட்டல் கேமரா பாடியில் மாட்டலாம் என்ற உங்கள் பதிவில், ரேஞ்ச்ஃபைண்டர் (லென்ஸ் வழியாக அல்லாமல் தனிச் சாளரத்தில் பார்த்து ஃபோகஸ் செய்யும் கேமரா) லென்ஸ் வைத்திருப்பவர்கள் பழைய லைக்கா எம்9 தேடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். 2009-இல் வந்த கேமரா அது. சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) மேலுள்ள கண்ணாடி அரித்துப்போவது அதன் தெரிந்த நோய். சென்சார் மாற்றப்பட்டதா என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். கேட்டாலும் விலை நம் கைக்கு அடங்காது என்பது வேறு கதை.

என்னிடம் இருப்பவை தாய்மாமா கொடுத்த இரண்டு ரஷ்ய ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள்: 50 மி.மீ. ஜூபிட்டர்-8, 35 மி.மீ. ஜூபிட்டர்-12. உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவில் இவை உதவாது. லென்ஸ் சென்சாரிலிருந்து 28 மி.மீ. சுமாரில் உட்கார வேண்டும். கேனான் டிஎஸ்எல்ஆரில் அது 44. அந்தக் கண்ணாடி இல்லாத சோனியில் 18தான், மிச்ச இடத்தில் அடாப்டர் (இணைப்பு வளையம்). அதனால் செகண்ட் ஹாண்டில் சோனி ஏ7, 2013 மாடல், வாங்கினேன். முழு ஃபிரேம் (ஃபிலிம் அளவு சென்சார்) என்பதால் 35 மி.மீ. 35 ஆகவே நிற்கிறது. சென்சார் சிறிதான ஏபிஎஸ்-சி பாடியில் அது 52 போலக் குறுகிவிடும்.

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் முதல் சோதனை. 50-இல் யாளித் தூண்கள் அப்படியே உயிரோடு வந்தன. ஜூபிட்டர்-12-இல் நடு நன்றாக இருந்தது, ஓரத்துத் தூண்கள் குழைந்துவிட்டன. அதன் பின்கண்ணாடி சென்சாருக்கு வெகு அருகில் நிற்கிறது, ஒளி சாய்வாக விழுகிறது, சோனியின் சென்சார் கண்ணாடியோ தடிமன். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப்8 வைத்தும் முழுதாகச் சரியாகவில்லை.

கை நடுங்குகிறவர்கள் ஏ7 இரண்டாம் மாடலைப் பாருங்கள், பாடியிலேயே ஸ்டெபிலைசேஷன் உண்டு. மாமாவுக்கு அதுதான் வாங்கித் தரலாமென்றிருக்கிறேன்.