கேசட்டைக் காயலான் கடைக்குப் போடாதே

போன வாரம் ஊரிலிருந்து தங்கச்சி போன் செய்தாள். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்களாம். "அண்ணே, அப்பா அலமாரில இருக்கற கேசட்டு, சிடி எல்லாத்தையும் காயலான் கடைக்குப் போட்டுறவா? டெக்கும் ஓடல, யாரும் பாக்கப் போறதும் இல்ல" என்றாள். "தொடாதே" என்று கொஞ்சம் கோபமாகவே சொல்லிவிட்டேன். வீட்டைச் சுத்தம் செய்கிறவள் கேட்ட நியாயமான கேள்விதான் அது. ஏன் தொடக்கூடாது என்று போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அவளும் படிப்பாள்.

அந்த அலமாரியில் சுமார் 60 வீடியோ கேசட்டுகள் இருக்கின்றன. அப்பா லைன்மேன். ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் ராத்திரி டெக் (வீடியோ கேசட் ஓட்டும் பெட்டி) வாடகைக்கு எடுத்து மூன்று படம் போடுகிற காலத்தில், சீட்டுப் போட்டுச் சொந்தமாக ஒரு டெக் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் போடும் படத்தையும் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பாட்டு நிகழ்ச்சியையும் விடாமல் பதிவு செய்வார். நடுவில் வரும் சோப்பு விளம்பரம், செய்தி, 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை எல்லாமே அதில் இருக்கும். ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் படத்தின் பெயர், தேதி, நீலப் பேனாவில். அப்புறம் 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடி விற்க ஆரம்பித்தபோது, சம்பள நாளன்று நான்கைந்து வாங்கிவந்து அடுக்குவார். அவை போக, சொந்தக்காரர்கள் கல்யாணக் கேசட்டுகள் நான்கு.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், 1931க்குப் போக வேண்டும்.

தமிழின் முதல் பேசும் படம் காளிதாஸ். பம்பாயில் எடுத்தார்கள். எச்.எம். ரெட்டி இயக்கம், டி.பி. ராஜலட்சுமி கதாநாயகி. அவர் தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசிய படம். அந்தப் படப்பெட்டி சென்னைக்கு ரயிலில் வந்து இறங்கியபோது கூட்டம் கூடி, தேங்காய் உடைத்து, பூத்தூவி, சாம்பிராணி போட்டு, வால்டாக்ஸ் ரோடு வழியாக கினிமா சென்ட்ரல் தியேட்டருக்கு ஊர்வலமாகக் கொண்டுபோனதாக எழுதிவைத்திருக்கிறார்கள். அக்டோபர் 31 அன்று திரையிட்டார்கள். சாமி புறப்பாடு மாதிரி கொண்டாடிய அந்தப் படத்தில் ஒரு அடி பிலிம்கூட இன்று இல்லை. பத்திரிகைக் குறிப்புகளும் சில புகைப்படங்களும்தான் மிச்சம். அதே ராஜலட்சுமி 1936இல் மிஸ் கமலா என்று ஒரு படத்தைத் தானே இயக்கினார். தமிழில் ஒரு பெண் இயக்கிய முதல் படம். அதுவும் இல்லை. இன்னும் முன்னால், புரசைவாக்கத்தில் நடராஜ முதலியார் எடுத்த கீசக வதம், தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம், அதுவும் இல்லை.

எப்படித் தொலைந்தன? அந்தக்கால பிலிம் நைட்ரேட் என்ற வேதிப்பொருளால் ஆனது. ஒரு பொறி போதும். தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வைத்திருப்பதால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். 1950களின் தொடக்கத்தில்தான் அந்த வகை பிலிம் தயாரிப்பு நின்றது. தீக்குத் தப்பியதை மனிதர்கள் அழித்தார்கள். கறுப்பு வெள்ளை பிலிமில் வெள்ளி இருக்கிறது, அதைக் கழுவி எடுக்க ரீல்களை எடைக்கு வாங்கினார்கள். ஓடி முடிந்த படத்துக்கு யாரும் விலை வைக்கவில்லை. வெள்ளிக்கு விலை இருந்தது.

இதை எழுதும்போது எனக்கு உறுத்துகிற ஒரு விஷயம் உண்டு. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், பெட்டிக்கடையில் பிலிம் துண்டு விற்பார்கள். பத்துப் பைசாவுக்கு நாலு. வெயிலைக் கண்ணாடியில் பிடித்து, பியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, அதன் முன்னால் துண்டைக் காட்டினால் உள்ளே கட்டியிருக்கும் வேட்டியில் படம் விழும். என் குழந்தைப் பருவத்தின் மிகப் பெரிய சந்தோஷம் அது. அந்தத் துண்டுகள் எங்கிருந்து வந்தன என்று அப்போது யோசித்ததே இல்லை. யாரோ கழித்துப்போட்ட பிரிண்டுகளைக் கத்தரித்து விற்றிருக்கிறார்கள். மலையாளத்தின் முதல் படத்தை எடுத்த ஜே.சி. டேனியலின் மகன், சின்னப் பையனாக இருந்தபோது வீட்டில் கிடந்த அப்பாவின் ரீல்களைக் கொளுத்தி விளையாடியதைப் பெரியவரான பிறகு வேதனையோடு சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டபோது என் கையில் இருந்த துண்டுகள்தான் ஞாபகம் வந்தன.

பிழைத்த படங்களின் கதையைப் பார்த்தால் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் தூக்கிப்போட மனசில்லாத ஒருவர் இருக்கிறார், அல்லது ஏதோ ஒரு தற்செயல் இருக்கிறது. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து 1933இல் வெளியான மார்த்தாண்ட வர்மா மௌனப் படம் இன்று இருப்பதற்குக் காரணம், அதன் மூலமான நாவலைப் பதிப்பித்தவர்கள் உரிமைப் பிரச்சினையில் படத்தை நிறுத்தி பிரிண்டை எடுத்துக்கொண்டதுதான். நல்லபடியாக ஊர் ஊராக ஓடியிருந்தால் தேய்ந்து, கிழிந்து, வெள்ளிக்குப் போயிருக்கும். பதிப்பகத்தின் கிடங்கில் கிடந்ததால் 1974இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குக் கிடைத்தது. ஜெர்மனியின் மெட்ரோபோலிஸ் படத்தை 1927இல் வெளியிட்ட கையோடு வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். வெட்டுவதற்கு முன்பிருந்த நீளமான பிரதி ஒன்றை ஒரு விநியோகஸ்தர் அர்ஜென்டினாவுக்குக் கொண்டுபோனார். அது அங்கே ஒரு சினிமா விமர்சகரின் சொந்தச் சேகரிப்புக்குப் போய், பிறகு அதிலிருந்து எடுத்த 16 எம்.எம். பிரதி புவனஸ் ஐரிஸ் அருங்காட்சியகத்துக்கு வந்து, 2008இல்தான் அது என்னவென்று தெரிந்தது. 80 வருஷமாகக் காணாமல் போயிருந்த சுமார் 25 நிமிடம் திரும்பக் கிடைத்தது. கீறல் விழுந்த பிரதிதான். ஆனால் உலகத்தில் வேறு எங்கும் இல்லாத 25 நிமிடம்.

இங்கே அப்படி ஒருவர் பி.கே. நாயர். திருவனந்தபுரத்தில் பிறந்தவர். சின்ன வயதில் சினிமா டிக்கெட்டின் கிழிந்த பாதியைச் சேர்த்துவைத்தவர். 1964இல் தொடங்கிய புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் சேர்ந்து, 1991இல் ஓய்வு பெறும்போது சுமார் 12,000 படங்களைச் சேர்த்துவிட்டுப் போனார். கிடங்கு கிடங்காக, லேப் லேபாக, வீடு வீடாக அலைந்தார். இந்திய சினிமாவின் தந்தை என்று சொல்லப்படும் பால்கேயின் பிள்ளைகளைத் தேடிப்பிடித்து அவர் படங்களில் மிஞ்சியதை வாங்கினார். நல்ல படம், மோசமான படம் என்று தரம் பிரிக்கும் உரிமை காப்பாளருக்கு இல்லை, எல்லாவற்றையும் எடுத்துவை என்பது அவர் கொள்கை. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. எது பின்னால் முக்கியமாகும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. ஆங்கில அரசு தடை செய்த தியாகபூமியின் பிரதி அந்தக் காப்பகத்தில் இருக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. 2003இல் புனேயில் தீப்பிடித்தபோது பழைய நைட்ரேட் படங்கள் ஏராளமாகப் போயின. இலங்கையில் தயாரிப்பாளர் குணரத்தினம் நடத்திய ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவை 1983 ஜூலையில் எரித்தபோது உள்ளே இருந்த நெகட்டிவ்களும் சேர்ந்து எரிந்தன. இரண்டாவது பிரதி இல்லாத படத்துக்கு அத்தோடு சரி.

சரி, தமிழ்நாட்டுக்கு வருவோம். அண்ணா தொடங்கி ஜெயலலிதா வரை சினிமாவோடு தொடர்புடைய ஐந்து முதலமைச்சர்களைப் பார்த்த மாநிலம் இது. இங்கே தமிழ்ப் படங்களின் நெகட்டிவையும் பிரிண்டையும் குளிர்ந்த அறையில் முறையாகப் பாதுகாக்கும் பெரிய பொதுக் காப்பகம் ஒன்று இருந்திருக்க வேண்டாமா? ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போனால் பழைய படங்களின் பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் பார்க்கலாம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் தன் கைக்காசைப் போட்டுச் சேர்த்ததில் தொடங்கியது அது. தமிழ்ப் படங்களின் பட்டியல் இன்று நம் கையில் இருக்கிறதென்றால் அதற்கு முக்கியக் காரணம் பிலிம் நியூஸ் ஆனந்தன். அவரும் தனிமனிதர்தான். இரண்டு பேரையும் நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் ஒரு சமூகம் தன் சினிமாவின் நினைவை இப்படி இரண்டு மூன்று பேர் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருந்தது பெரிய தப்பு.

சென்னையில் ஆள் இல்லையா, அறிவு இல்லையா? வெளிநாட்டுப் பழைய படங்களை ஒவ்வொரு பிரேமாகச் சுத்தம் செய்து மீட்டுக் கொடுக்கும் வேலையை சென்னையின் பிரசாத் நிறுவனம் வருஷக்கணக்கில் செய்துவருகிறது. பார்க்க ஆள் இல்லையா? 2012இல் சிவாஜியின் பழைய கர்ணனைப் புதுப்பித்துத் திரையிட்டபோது தியேட்டர் நிறைந்தது. என் அப்பா மதுரைக்குப் போய் இரண்டு தரம் பார்த்தார். இல்லாதது ஒரே ஒரு சட்டம். புத்தகம் போட்டால் ஒரு பிரதியைக் கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஐம்பது பக்கத்துக் கவிதைத் தொகுப்புக்கும் அந்த மரியாதை உண்டு. கோடிக்கணக்கில் செலவழித்து, நூற்றுக்கணக்கானவர்கள் உழைத்து எடுக்கும் படத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

'தயாரிப்பாளர்கள் கொடுக்க மாட்டார்கள், உரிமைப் பிரச்சினை வரும்' என்பார்கள். படத்துக்குத் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு என்று 2006இல் அரசு சொன்னபோது என்ன நடந்தது? ஆங்கிலப் பெயர்கள் மடமடவென்று தமிழாக மாறின. சிறு முதலீட்டுப் படங்களுக்கு அரசு மானியம் கொடுக்கிறது. மானியம், சலுகை எது வேண்டுமானாலும் ஒரு நல்ல பிரதியைக் காப்பகத்தில் ஒப்படைத்த ரசீதைக் காட்டு என்று ஒரு வரி சேர்த்தால் போதும். திரையிடும் உரிமை அவர்களிடமே இருக்கட்டும், பிரதி மட்டும் பத்திரமாக இருக்கட்டும். டிஜிட்டல் வந்து லேப்கள் ஒவ்வொன்றாக மூடியபோது, பாக்கி கட்டாமல் கிடந்த நெகட்டிவ்களுக்கு உரிமையாளர்கள் வரவே இல்லை. இன்று எடுக்கிற படங்கள் ஹார்டு டிஸ்கில் கிடக்கின்றன. ஐந்து வருஷம் அலமாரியில் கிடந்த ஹார்டு டிஸ்க் சுற்றாமல் போனவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பத்திரம் என்று.

எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே என்பவர்கள், ஒரு பழைய படத்தை எடுத்து நன்றாகப் பாருங்கள். பல படங்கள் டிவிக்காக எப்போதோ டேப்பில் மாற்றியவை. அகலத் திரைக்கு நிரப்புகிறேன் என்று மேலேயும் கீழேயும் வெட்டியதில் நடிகர்களுக்கு நெற்றி இருக்காது, ஆடுகிறவர்களுக்குப் பாதம் இருக்காது. பாட்டு பாதியில் தாவும். ஓடிடியில் போன மாதம் இருந்த படம் இந்த மாதம் இருக்காது. அலமாரியில் இருக்கும் 28 ரூபாய் விசிடியை யாரும் ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துக்கொண்டு போக முடியாது. வீட்டுச் சேகரிப்பு காப்பகத்துக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. மங்கலான கேசட்டிலிருந்து கர்ணன் மாதிரி ஒரு பிரதியை உருவாக்க முடியாது. ஆனால் எதுவுமே கிடைக்காத இடத்தில் அதுதான் கடைசிச் சாட்சி. பிபிசி தன்னுடைய டாக்டர் ஹூ தொடரின் பழைய டேப்களை அழித்துவிட்டது. தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகளுக்குப் படம் இல்லாமல் போயிற்று. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒலி இருக்கிறது. வீட்டில் டிவிக்கு முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்த ரசிகப் பிள்ளைகள் செய்த வேலை. அப்பா பதிவு செய்த ஒளியும் ஒலியும் முழு நிகழ்ச்சியாக, விளம்பரத்தோடு, வேறு எத்தனை பேரிடம் இருக்கும்?

இனி தங்கச்சிக்கு மட்டும் புரியும் விஷயம். சித்தி கல்யாணக் கேசட்டை 2011இல் டிவிடியாக மாற்ற ஒரு கடையில் கொடுத்தேன். உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது. துடைக்காமல் அப்படியே டெக்கில் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். டேப் சிக்கி, கசங்கி, அறுந்துவிட்டது. தாத்தா மாப்பிள்ளையை அழைத்துவரும் பகுதி முழுதும் போயிற்று. தாத்தா நடப்பதைக் காட்ட எங்களிடம் இருந்த ஒரே படம் அது. அவர் கொஞ்சம் சாய்ந்து, வலது தோளைத் தூக்கி நடப்பார். என் பிள்ளைகளுக்கு அதை நான் நடித்துத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. மிஞ்சியது பந்தியில் அப்பத்தா, "சாம்பார் வாளி எங்கடா?" என்று சத்தம் போடும் முப்பது நாற்பது விநாடி. அப்பத்தாவின் குரல் இந்த உலகத்தில் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. ஐந்து இடத்தில் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன்.

அதனால் சொல்கிறேன், பழைய கேசட் கிடைத்தால் ஓடுகிறதா என்று உடனே போட்டுப் பார்க்காதீர்கள். மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள், வெள்ளைப் பொடி தெரிந்தால் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். படுக்கப் போடாமல் நிமிர்த்தி வையுங்கள், பரணிலும் சுவரோரத்து ஈரத்திலும் வேண்டாம். விசிடி, டிவிடி எல்லாம் இப்போதே இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள். உங்கள் ஊர் மூடிய தியேட்டரில், ஆபரேட்டர் வீட்டில் ரீல் பெட்டி கிடந்து, திறந்தால் வினிகர் வாடை அடித்தால் அந்த பிலிம் அழுக ஆரம்பித்திருக்கிறது. அதை மற்ற ரீல்களோடு சேர்த்து வைக்காதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். புனே காப்பகத்துக்கோ, மும்பையில் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷனுக்கோ எழுதிக் கேளுங்கள்.

தங்கச்சிக்கு: வெள்ளையடிக்கிறவர்கள் வருவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சாமி ரூம் பக்கத்து இரும்பு பீரோவில் ஏற்றிவிடு. அடுத்த ஞாயிறு நான் வருகிறேன். நண்பர்களுக்கு: மதுரை, விருதுநகர் பக்கம் யாரிடமாவது ஓடுகிற நிலையில் டெக் இருந்தால், அல்லது பூஞ்சை பிடித்த கேசட்டைப் பக்குவமாகத் துடைக்கத் தெரிந்தவர் இருந்தால், உள்பெட்டியில் சொல்லுங்கள். அப்பா எழுத்தில் 'ஊர்ப் பொங்கல் 1991' என்று ஒரு கேசட் இருக்கிறதாம். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.