நினைவு ஓட்டத்துக்கு எதற்கு நுழைவுக் கட்டணம்?

எங்கள் ஊர்ச்சங்கத்தில், புற்றுநோயால் காலமான ஒரு அண்ணையின் நினைவாக 5 கிலோமீற்றர் ஓட்டம் வைக்கப்போகிறார்கள். சேருகிற காசு ஆராய்ச்சிக்குப் போகுமாம். நல்ல விஷயம். நோட்டீஸைப் பார்த்தபிறகுதான் மனம் கேட்கவில்லை. ஆளுக்கு 40 டொலர், முதல் மூன்று இடங்களுக்குக் கிண்ணம். கீழே வீடு விற்கும் முகவர்கள், மோட்கேஜ்காரர்கள், ஒரு சட்டத்தரணி என்று வரிசையாகக் கோட் போட்டுச் சிரிக்கிறார்கள். அண்ணையின் படம் மேல் மூலையில் முத்திரை அளவில் கிடக்கிறது.

கனடாவில் இருந்துகொண்டு இப்படிச் செய்வதுதான் எனக்கு விளங்கவில்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கும் டெரி ஃபொக்ஸ் ஓட்டம் 1981 இலிருந்து நம் கண்முன்னே நடக்கிறது. கட்டணம் கிடையாது, இவ்வளவாவது தரவேண்டும் என்ற கணக்கும் கிடையாது. முதலாமிடம், இரண்டாமிடம் இல்லை. ஓடலாம், நடக்கலாம், சைக்கிளில் வரலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1977 இல் எலும்புப் புற்றுநோய் வந்து டெரியின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அப்போது வயது 18. ஆஸ்பத்திரியில் கூடப் படுத்திருந்த பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்தவர், ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கக் கனடாவையே குறுக்காக ஓடுவது என்று முடிவெடுத்தார். 1980 ஏப்ரல் 12, கிழக்குக் கரையில் உள்ள சென் ஜோன்ஸில் செயற்கைக் காலை அத்திலாந்திக் கடலில் நனைத்துவிட்டு மேற்கே புறப்பட்டார். நாளுக்கு ஏறத்தாழ ஒரு மரதன் தூரம். பழைய வீடியோவில் அந்த ஓட்டத்தைப் பாருங்கள்: நல்ல காலால் ஒரு கெந்தல் கெந்தி, பிறகுதான் செயற்கைக் காலை ஊன்றுவார். அதை ஒரு நிமிடம் பார்க்கவே நமக்கு முழங்கால் நோகும்.

தொடக்கத்தில் பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. போர்ட் ஓ பாஸ்க் என்ற சின்ன ஊரில் சுமார் 10,000 பேர். அவர்கள் 10,000 டொலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு கனேடியரிடமும் ஒரு டொலர் என்ற இலக்கு அங்கேதான் அவருக்குப் பிடிபட்டது. செப்டம்பர் 1, ஒன்ராறியோவின் தண்டர் பே நகருக்கு அருகே ஓட்டம் நின்றது. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாட்கள், 5,373 கிலோமீற்றர். பசிபிக் கரைக்கு ஓடிப் போய்ச் சேரவில்லை. ஆனால் 1981 பெப்ரவரியில், ஆளுக்கு ஒரு டொலர் கணக்கில், 2.4 கோடி டொலர் சேர்ந்துவிட்டது. அந்த ஜூன் 28 அன்று, 22 வயதில், அவர் போய்விட்டார்.

வருடாந்த ஓட்டத்துக்கு வித்திட்டவர் ஹோட்டல் அதிபர் இசடோர் ஷார்ப். அவருடைய மகனும் 1978 இல் தோல் புற்றுநோயால் இறந்தவன். டெரி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே, உன் பெயரில் வருடாவருடம் ஓட்டம் நடத்துவோம் என்று தந்தி அடித்தார். 1981 செப்டம்பர் 13 அன்று நடந்த முதல் ஓட்டத்துக்கு 3 இலட்சம் பேர் வந்தார்கள். 35 இலட்சம் டொலர் சேர்ந்தது. கட்டணம் வைத்திருந்தால் இவ்வளவு சனம் வந்திருக்குமா?

கம்பனிகளிடம் டெரி ஒன்றும் வாங்கவில்லை என்று சொல்லமாட்டேன். கூடப் போன வான் வண்டியும் போட்டு ஓடிய சப்பாத்தும் கம்பனிகள் கொடுத்ததுதான். பதிலுக்கு எங்கள் சரக்கை விளம்பரம் செய் என்றவர்களுக்கு மட்டும் இல்லை என்றார். பிறகு தாய் பெட்டி ஃபொக்ஸ், 2011 இல் இறக்கும்வரை, அதே பிடியில் நின்றார். பிடிவாதக்காரி என்று சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும்.

இங்கே பள்ளிக்கூடங்களில் செப்டம்பர் வந்தால் பிள்ளைகள் ஒரு டூனியை, அதாவது இரண்டு டொலர் குற்றியை, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடுவார்கள். 'நான் இவருக்காக ஓடுகிறேன்' என்று பெயர் எழுத ஒரு ஸ்டிக்கர். என் மகள் அம்மம்மா என்று தமிழில் எழுதினாள். இடம் போதாமல் கடைசி 'மா' கீழே இறங்கிவிட்டது. இரண்டு டொலர்தான், ஆனால் யாருக்காக ஓடுகிறோம் என்று அவளுக்குத் தெரியும்.

பார்க் அனுமதி, காப்புறுதி, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றுக்கும் செலவு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறதுதான். ரீசேட்டை விடுங்கள், பாதிச் செலவு போய்விடும். மீதியை ஏற்கிறவருக்கு மேடையில் ஒரு நன்றி சொல்லுங்கள். கிரிக்கெட் சுற்றுப்போட்டியில் ஞாபகார்த்தக் கிண்ணம் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை, விளையாட்டென்றால் வெற்றி தோல்வி வேண்டும். இது அப்படியில்லையே. செத்தவீட்டுக்கு வருகிறவரிடம் டிக்கெட் கேட்போமா? நாலு பேர் உள்ள குடும்பம் 160 டொலர் கட்டி வரவேண்டும் என்றால், வருவது ஓடிப் பழகியவர்களும் வசதியானவர்களும்தான். அண்ணையோடு ஒன்றாக வேலை செய்த, இப்போது பென்சனில் இருக்கிற ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

வாசலில் ஒரு உண்டியல் வையுங்கள், இணையத்தில் ஒரு பக்கம் திறவுங்கள், சேர்ந்த காசின் கணக்கை ஒரு மாதத்துக்குள் குழுவில் போடுங்கள். வருகிற பொதுக்கூட்டத்தில் இதை எழுந்து கேட்கப்போகிறேன். ஆதரவு தருகிறவர்கள் இப்போதே கை தூக்குங்கள். தனியாக எழுந்தால் 'தம்பி இருங்கோ' என்று இருத்திவிடுவார்கள்.